கிளிக்கர் அடித்தும் நாய் கேட்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

அழுத்தினால் ‘டிக்’கென்று ஒலிக்கும் சிறு கைக்கருவியான கிளிக்கரை வைத்து நாய்க்குப் பயிற்சி தருவதில் சிக்கிக்கொண்டவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார், நாய் மாறினாலும் வீடு மாறினாலும், பெரும்பாலும் ஒன்றுதான்: “காணொளியில் பார்த்தபடியேதான் செய்தோம், இது மட்டும் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது.” அதற்கடுத்து, “இதற்குப் பிடிவாதம் அதிகம்” என்பார்கள். பிடிவாதத்தைக் காரணப் பட்டியலிலிருந்து முதலிலேயே எடுத்துவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. கை, வயிறு, தரை, காது என்று தேடிப்போனால் பெரும்பாலான கோளாறுகள் பைசாச் செலவில்லாமல் அகப்பட்டுவிடும்.

கிளிக்கர் ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கத்துக்குள் நான் போகப்போவதில்லை. நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. நாய் சரியானதைச் செய்யும் அந்தக் கணத்தில் சத்தம் வர வேண்டும். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வாய்த் தீனி தர வேண்டும். கை தவறி அழுத்திவிட்டாலும் தர வேண்டும்.

முதலில் இந்த ஒரு சோதனை

வீட்டிலேயே அமைதியான அறை. தொலைக்காட்சி வேண்டாம், குழந்தைகள் வேண்டாம். நாய் உங்களைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, உடம்பை அசைக்காமல் ஒரே ஒரு முறை அழுத்துங்கள்.

தலை வெடுக்கென்று திரும்பி உங்கள் கையைத் தேடுகிறதா? சத்தத்தின் பொருள் அதற்குத் தெரியும். கோளாறு வேறிடத்தில். அறிகுறி 4 முதல் 8 வரை பார்த்து, உங்கள் நாய்க்குப் பொருந்துவதை எடுங்கள்.

காது கூட அசையவில்லையா? அறிகுறி 1.

உடம்பைக் குறுக்கியது, எழுந்து போனது, வாலை இடுக்கியது என்றால் அறிகுறி 2.

திரும்பிப் பார்த்தது, ஆனால் கொடுத்த தீனியை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது என்றால் அறிகுறி 3.

நேற்றுவரை எல்லாம் செய்த நாய் இரண்டு நாளாகத் திடீரென்று எதையும் செய்வதில்லை என்றால் இந்தச் சோதனையே வேண்டாம். அது பயிற்சிக் கோளாறு அல்ல. காய்ச்சல் அடிக்கிறதா, ஈறு வெளிறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

அறிகுறி 1: சத்தம் வந்தும் எந்த அசைவும் இல்லை

கிளிக்கரையே பாருங்கள். பெட்டி வடிவக் கிளிக்கருக்குள் இருப்பது ஒரு சிறிய எஃகுத் தகடு. கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்றுக்கு அது சீக்கிரம் துருப்பிடிக்கும்; ஒரு முறை கணீரென்றும் அடுத்த முறை மந்தமாகவும் ஒலிக்கும். இன்னொன்று, இந்த வகை அழுத்தும்போது ஒரு சத்தமும் விடும்போது ஒரு சத்தமும் தரும். அழுத்திவிட்டுச் சற்று நேரம் பிடித்திருந்தால் நாய்க்கு அவை இரண்டு தனித்தனிச் சத்தங்கள். சட்டென்று அழுத்தி உடனே விடப் பழகுங்கள். தகடு துருவேறியிருந்தால் வேறு வாங்குங்கள், விலை பெரிதல்ல.

அடுத்து, அது யார் கையில் இருக்கிறது? வீட்டுப் பிள்ளைகள் பொழுதெல்லாம் அதைச் சொடுக்கி விளையாடினால் சத்தம் செத்துப்போகும். பெரியவர்கள் செய்யும் தப்பு வேறு: மாடியில் படுத்திருக்கும் நாயைக் கூப்பிட அதை அழைப்பு மணியாக்குவது. பால்காரர் மணி அடித்துவிட்டுப் பால் ஊற்றாமல் நாலு நாள் போனால், ஐந்தாம் நாள் யார் பாத்திரத்தோடு வாசலுக்கு வருவார்கள்?

மூன்றாவதுதான் நான் மிக அதிகமாகப் பார்ப்பது: கை முந்திக்கொள்கிறது. பயிற்சி தருபவரின் வலது கை இடுப்புப் பைக்குள் போகிறது, விரல்கள் கோழித் துண்டைத் தேடுகின்றன, அப்போது இடது கை கிளிக்கரை அழுத்துகிறது. நாயின் கண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பை மேல். தீனி வருவதைக் கை ஏற்கெனவே சொல்லிவிட்டதால் சத்தத்துக்கு அங்கே வேலையே இல்லை. இதைச் செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியாது. சொன்னாலும் நம்ப மாட்டார். கைப்பேசியை அலமாரியில் சாய்த்து வைத்து ஒரு நிமிடம் படம் எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓட விடுங்கள். முதலில் அசைவது கையா, சத்தமா என்பது கண்முன் தெரிந்துவிடும்.

சரிசெய்வது எளிது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் தொங்கட்டும். அழுத்துங்கள். சத்தம் முழுதாக அடங்கிய பிறகே கை பைக்குள் போக வேண்டும். ஆனால் ஒன்றிரண்டு நொடிக்குள் தீனி வாய்க்கு வந்துவிட வேண்டும். நாயிடம் எதையும் கேட்காமல் இப்படி 10 முதல் 15 முறை. மாலையில் இன்னொரு சுற்று. மறுநாள் முதல் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இப்போது தலை திரும்பினால் இந்த அறிகுறி தீர்ந்தது.

இரண்டு மூன்று நாள் சரியாகச் செய்தும் அசைவே இல்லையா? காதைச் சந்தேகப்படுங்கள். லாப்ரடார், காக்கர் ஸ்பேனியல் போன்ற தொங்கு காதுக்காரர்களுக்கு மழைக்காலத்தில் காதுச் சீழ் சர்வசாதாரணம். காது மடலைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். கெட்ட வாடை, பழுப்பு அழுக்கு, நாய் அடிக்கடி தலையை உதறுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர்தான். பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விட்டு நோண்ட வேண்டாம்.

வெள்ளை ராஜபாளையத்திலும் டால்மேஷியனிலும் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. நாய் தூங்கும்போது, அதன் பார்வைக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி நின்று பிஸ்கட் உறையைச் சரசரக்க வையுங்கள். தட்டைக் கீழே போட்டுச் சோதிக்காதீர்கள். தரை அதிர்வை அது பாதத்தால் உணர்ந்து எழும், நீங்கள் காது கேட்கிறது என்று ஏமாறுவீர்கள். ஒரு காது மட்டும் கேட்காத நாய், சத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியாமல் தடுமாறக்கூடும். உறுதிப்படுத்த, தலையில் மின்முனைகள் வைத்துச் செவி நரம்பின் பதிலை அளக்கும் பரிசோதனை இருக்கிறது. எல்லா ஊரிலும் கிடைக்காது. எங்கே செய்யலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள்.

காது கேளாத நாய்க்கும் இதே முறை நடக்கும். கிளிக்கருக்குப் பதில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுங்கள், அல்லது டார்ச் விளக்கை ஒரு கணம் மினுக்குங்கள். லேசர் விளக்கு மட்டும் வேண்டாம். அந்தப் புள்ளியைத் துரத்தியே பித்துப்பிடித்துப்போகும் நாய்கள் உண்டு.

அறிகுறி 2: சத்தம் கேட்டதும் பயந்து விலகுகிறது

பெரும்பாலும் கிளிக்கர் நாயின் முகத்தருகே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். அது போதாவிட்டால் கிளிக்கரைத் துண்டில் சுற்றுங்கள், அல்லது சட்டைப் பைக்குள் வைத்தபடி அழுத்துங்கள். அதுவும் கூர்மையாகத் தெரிந்தால் பொத்தான் வைத்த பால்பாயிண்ட் பேனா. சத்தம் தணிந்தது, நாய் தீனிக்கு நிம்மதியாக வருகிறது என்றானதும் துணியின் மடிப்புகளை ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். குறைக்காமலே இருந்தாலும் நட்டமில்லை. ஆயுளுக்கும் பேனாவிலேயே பயிற்சி பெறட்டும்.

எந்திரச் சத்தமே ஆகவில்லை என்றால் ஒரு சொல்லை வையுங்கள். “சரி”, “குட்” இரண்டும் வேண்டாம். வீட்டில் தொலைபேசியில் பேசும்போதே நூறு தடவை வரும். வேறு எதற்கும் பயன்படாத ஒற்றை அசை போதும், “டிக்” என்பது போல. எல்லாரும் ஒரே தொனியில் சொல்ல வேண்டும்.

தீபாவளியை ஒட்டிய நாட்களில் இந்தப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்காதீர்கள். ஏற்கெனவே வெடிச் சத்தத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும் நாய்க்கு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

“பழகிவிடும்” என்று தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருப்பதுதான் இங்கே செய்யக்கூடாத காரியம். ஒளிந்துகொண்டு வெகுநேரம் வெளியே வராதது, எச்சில் ஒழுகுவது, இருந்த இடத்திலேயே சிறுநீர் போவது என்று போனால் கிளிக்கரை மூட்டை கட்டிவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். சத்த பயத்துக்கு மருந்து உண்டு.

அறிகுறி 3: தீனியை வாங்க மறுக்கிறது

வீட்டிலும் மறுக்கிறதா, வெளியே மட்டுமா? வெளியே மட்டும் என்றால் அறிகுறி 4-க்குப் போங்கள்.

வீட்டிலும் என்றால் முதலில் வயிறு. தட்டில் தயிர் சாதமோ தீனி உருண்டையோ நாள் முழுக்கக் கிடக்கும் வீட்டில் நாய் எதற்கு வேலை செய்ய வேண்டும்? இரண்டு வேளைச் சாப்பாடு, கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுவது, பயிற்சியை அடுத்த வேளைக்குச் சற்று முன் வைப்பது. இதற்காகப் பட்டினி போட வேண்டியதில்லை.

அடுத்து, என்ன கொடுக்கிறீர்கள்? பொறையும் பிஸ்கட்டும் சும்மா இருக்கும்போது ருசிக்கும். கவனம் சிதறும் இடத்தில் எடுபடாது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, அவித்த முட்டை, பன்னீர் ஆகியவை நன்றாக வேலை செய்யும். ஈரலுக்கு மயங்காத நாயை நான் பார்த்ததில்லை. ஆனால் அளவு மீறினால் வயிறு கழியும். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டாம். சைவ வீடு என்றால் பன்னீரும் வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும். லாப்ரடார் போன்ற பெரிய நாய்க்குத் துண்டு பச்சைப் பட்டாணி அளவு, பொமரேனியனுக்குத் துவரம்பருப்பு அளவு. இவ்வளவு சின்னதா என்று கேட்பார்கள். ஆம், இவ்வளவு சின்னதுதான். மென்று தின்னவே நேரம் ஆனால் பயிற்சி எப்போது நடக்கும்? ஒரு நாள் உணவில் தீனியின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறையுங்கள்.

கொடுக்கவே கூடாதவை: வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா இனிப்புகள், வேகவைத்த எலும்பு. பாயசத்தில் மிஞ்சிய திராட்சையைப் பாசத்தோடு பொறுக்கிப் போடும் பாட்டிகளிடம் இதைத் தனியே சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, வெயில். ஏப்ரல், மே மாதங்களில் மதியம் மூன்று மணிக்கு எந்த நாய்க்கும் படிப்பு ஏறாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்தும் கூட. விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை, பிடித்த கோழியைக்கூடத் தொடவில்லை, சோர்ந்து படுத்திருக்கிறது என்றால் உண்ணிக் காய்ச்சலை நினையுங்கள். நம் ஊர்களில் இது ஆண்டு முழுக்க உண்டு. காது மடிப்பிலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஈறு வெளிறியிருப்பது, மூக்கில் ரத்தம், சிறுநீர் காபி நிறத்தில் போவது எல்லாம் அவசரக் குறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 103-ஐத் தாண்டினால் அன்றே மருத்துவர். உண்ணி கண்ணில் படவில்லை என்பதற்காகக் காய்ச்சல் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

அறிகுறி 4: வீட்டுக்குள் சமர்த்து, வாசலைத் தாண்டினால் காது கேட்காது

கூடத்தில் படித்ததை நாய் தெருவுக்குத் தானாக எடுத்துவராது. கூடத்திலிருந்து நேரே தெரு என்பது பெரிய தாவல். இடைப்படிகளைப் போடுங்கள்: கூடம், திறந்த வாசற்கதவின் உள்பக்கம், மாடிப்படி நடை, ஆள் நடமாட்டமில்லாத நேரத்தில் வண்டி நிறுத்துமிடம், வெளிக்கதவு, பிறகு தெரு. ஒவ்வோர் இடத்திலும் ஆக எளிய செயலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்ப்பது போதும். ஐந்துக்கு ஐந்து சரியாகச் செய்தால் அடுத்த இடம். மூன்று, நான்கு என்றால் அங்கேயே இருங்கள். இரண்டும் அதற்குக் கீழும் என்றால் ஓர் இடம் பின்வாங்குங்கள்.

தெருநாய் நிற்கிறதா? தொலைவுதான் மருந்து. தரையில் ஒரு கோழித் துண்டைப் போடுங்கள். குனிந்து எடுத்தால் அந்தத் தொலைவில் பயிற்சி நடக்கும். காலடியில் கிடப்பதையே பார்க்காமல் எதிரே வெறித்துக்கொண்டிருந்தால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள். எதுவும் பேசாமல் திரும்பி நடந்து தள்ளிப்போங்கள். சங்கிலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கிளிக்கர் அடிப்பதில் பயனில்லை. கழுத்து இறுகியிருக்கும் நாய் அதைத்தான் கவனிக்கும்.

அதே தொலைவில் பாய்வதும் உறுமுவதும் வாராவாரம் கூடிக்கொண்டே போனால் பயிற்சியாளரைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அறிகுறி 5: கையில் தீனி தெரிந்தால்தான் செய்கிறது

தீனியைக் காட்டி ஆசை மூட்டும் கட்டத்தை அளவுக்கு மீறி நீட்டிவிட்டீர்கள். ஒரு செயலுக்கு மூன்று நான்கு முறை காட்டி வழிநடத்தினால் போதும். அதன்பின் அதே கையசைவு, ஆனால் கை வெறுமை. செய்ததும் சத்தம், தீனி வேறு இடத்திலிருந்து வரட்டும். அலமாரியிலோ சன்னல் திண்டிலோ மூடிய டப்பாவில் வைத்துவிட்டு, சத்தத்துக்குப் பிறகு நடந்துபோய் எடுத்துவாருங்கள். முதலில் நாய் சந்தேகத்தோடு பார்க்கும். இரண்டு மூன்று முறை டப்பா திறந்ததும் நம்பிவிடும்.

அறிகுறி 6: மற்றதெல்லாம் செய்கிறது, உட்காரவோ படுக்கவோ மட்டும் மாட்டேன் என்கிறது

தரையைப் பாருங்கள். பளபளக்கும் டைல்ஸில் கனமான நாய் உட்காரும்போது பின்னங்கால்கள் மெல்ல விலகி வழுக்கும். அடுக்கக வீடு ஒன்றில் ஒரு லாப்ரடார் பாதி உட்கார்ந்து பாதியில் எழுவதை, “ஏமாற்றுகிறது” என்று வீட்டார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் அதன் பின்னங்கால் விரல்கள் விரிந்து, நகங்கள் தரையைக் கீறிப் பிடிமானம் தேடிக்கொண்டிருந்தன. வாசலில் கிடந்த தேங்காய் நார் மிதியடியை உள்ளே கொண்டுவந்து போட்டோம். அதன்மேல் வந்து முழுதாக உட்கார்ந்தது. சாக்கு, ஜமக்காளம், எதுவும் ஆகும். நகமும் பாத இடுக்கு மயிரும் வளர்ந்திருந்தால் வெட்டிவிடுங்கள்.

தரை புள்ளிபோட்ட கிரானைட் என்றால் இன்னொரு சிக்கலும் சேரும்: கீழே போட்ட கோழித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. நாய் மோப்பம் பிடித்துத் தேடி முடிப்பதற்குள் பாடம் மறந்துவிடும். வாய்க்கே கொடுங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற நீள்கால் வேட்டை நாய்களில் பல, உட்காருவதை வசதியாக நினைப்பதில்லை. வற்புறுத்தாதீர்கள். அசையாமல் நிற்பதைக் கற்றுக்கொடுத்தால் அதே வேலை ஆகிறது.

மிதியடியிலும் தயங்குகிறது, எழும்போது முன்னங்காலால் உடம்பை இழுக்கிறது, படியேற யோசிக்கிறது, பின்புறம் ஒருக்களித்து உட்காருகிறது என்றால் வலி. லாப்ரடாருக்கும் ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு இளவயதிலேயே வரக்கூடும். எக்ஸ்ரே எடுக்கும்வரை “உட்காரு” என்ற சொல்லையே வீட்டில் நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 7: குரைக்கிறது, மேலே தாவுகிறது, தெரிந்த வித்தை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுகிறது

இந்த நாய்க்கு ஆர்வம் இருக்கிறது. நீங்கள் கேட்பது என்னவென்றுதான் தெரியவில்லை. படியை உயரமாக்கிவிட்டீர்களா? நேற்று மூன்று நொடி இருந்ததற்குத் தீனி, இன்று அரை நிமிடம் கேட்டால் குரைக்காமல் என்ன செய்யும்? பாதிக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். தொடக்கத்தில் நிமிடத்துக்குப் பத்துத் தீனியாவது போக வேண்டும். அமர்வு இரண்டு மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

இன்னொரு காரணம் தாமதம். நாய் உட்காருகிறது, நீங்கள் மகிழ்கிறீர்கள், பிறகு அழுத்துகிறீர்கள். அதற்குள் அது எழத் தொடங்கியிருக்கும். எழுவதற்குத்தான் தீனி என்று புரிந்துகொள்ளும். நாயை வேறு அறையில் விட்டுவிட்டு, யாரையாவது பந்தைத் தரையில் தட்டச் சொல்லுங்கள்; பந்து தரையைத் தொடும் கணத்தில் அழுத்திப் பழகுங்கள். பந்து மேலெழும்போது சத்தம் வந்தால் நாயிடமும் அப்படித்தான் நடக்கிறது.

அறிகுறி 8: ஒருவர் சொன்னால் மட்டும் செய்கிறது

அப்பா “உட்காரு” என்கிறார், மகள் “சிட்” என்கிறாள், அம்மா எதுவும் சொல்லாமல் சாப்பாட்டு மேசையடியில் தோசையைப் போடுகிறார். மூன்றாவது ஆள் பக்கம் நாய் சாய்வதில் ஆச்சரியம் இல்லை. சொற்களை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். புதிய ஆள் தொடங்கும்போது நாய்க்குத் தெரிந்த ஆள் அருகில் நின்றால் போதும், பேசக் கூடாது. மேசையடித் தோசையை நிறுத்துவது உங்கள் வீட்டு அரசியல். அதில் நான் தலையிடுவதில்லை.

யாரை, எப்போது அழைப்பது

திடீர் மாற்றம், வலி, காது, காய்ச்சல் என்றால் கால்நடை மருத்துவர் முதலில், பயிற்சியாளர் பிறகு. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் நாய்களுக்கும் சிகிச்சை உண்டு.

உணவுத் தட்டருகே உறுமுவது, வீட்டாரைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது, கடிப்பது ஆகியவற்றைக் கிளிக்கரை வைத்துக்கொண்டு நீங்களாகத் தீர்க்கப் பார்க்காதீர்கள். கடித்துவிட்டால், தடுப்பூசி போட்ட வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பயிற்சியாளரை அமர்த்தும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: “நாய் தப்பாகச் செய்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?” சங்கிலியைச் சுண்டுவேன், கழுத்துப் பட்டையில் மின்னதிர்ச்சி கொடுப்பேன் என்று பதில் வந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். நாயைத் தன் இடத்துக்கு அழைத்துப்போய் ஒரு மாதத்தில் பழக்கித் திருப்பித் தருகிறேன் என்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். கையை முந்தவிடும் பழக்கம் வீட்டில் அப்படியேதான் இருக்கும். ஒத்துவருபவர் கிடைத்தால் அவர் வருவதற்கு முன்பே, கைப்பேசியில் எடுத்த அந்த ஒரு நிமிடப் படத்தையும், நாய் என்ன சாப்பிடுகிறது, எப்போது சாப்பிடுகிறது, எந்த அறையில் எந்த நேரத்தில் பயிற்சி நடக்கிறது என்ற விவரத்தையும் அனுப்பிவையுங்கள். முதல் வருகையின் பாதி நேரமும் கட்டணமும் அதில் மிச்சம்.